குறை மாதத்தில் வந்த நிஃமத்துகள்



எங்கள் திண்டுக்கல்லுக்கு வருகின்றவர்கள் மலைக்கோட்டையைக் காண்பார்கள், பூட்டு வாங்குவார்கள், பிரியாணி உண்பார்கள். 'பேகம்பூர்' என்னும் பெயர் எப்படி வந்தது என்று கேட்பவர்கள் மிகச் சிலரே. ஹைதர் அலியின் காலத்தில் இக்கோட்டைக்குப் பொறுப்பாளராக இருந்தவரின் துணைவியார் அமீருன்னிசா பேகம். அந்த அம்மையார் பிள்ளைப் பேற்றின்போது மறைந்தார்கள் என்றும், அவர்கள் அடங்கியிருக்கும் இடமே பேகம்பூர் ஆயிற்று என்றும் ஊர் வரலாறு கூறுகிறது. அரண்மனையும் படையும் பணிப்பெண்களும் இருந்தும் ஒரு பிரசவத்தைத் தாண்ட இயலாமற்போன ஒரு தாயின் பெயரைத்தான் நாங்கள் நாள்தோறும் முகவரியில் எழுதி வருகிறோம்.

அந்தப் பேகம்பூரில் வாழ்க்கைப்பட்டவள் நான். எனக்கு இரட்டைப் பிள்ளைகள். இருவரும் மாதம் குறைந்து பிறந்தவர்கள். "அந்த நாட்களைப் பற்றி ஒருமுறை எழுதுங்களேன்" என்று சென்ற மாதம் ஒரு சகோதரி நேரில் கேட்டுக் கொண்டார். அவருடைய மகள் இரட்டைப் பிள்ளைகளைச் சுமந்து கொண்டிருக்கிறாள். அந்த மகளுக்காகவும், அவளைப் போன்றவர்களுக்காகவும் இம்மாதம் என் கதையையே எழுதுகிறேன். இதில் என் தவறும் இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லி விடுகிறேன்.

சூட்டு வலி என்று எண்ணினேன்

2017-ஆம் ஆண்டு மே மாதம். ஷஅபான் பிறந்து சில நாட்களே ஆகியிருந்தன. எனக்கு முப்பத்தோராவது வாரம். கத்திரி வெயில் திண்டுக்கல்லைச் சுட்டுக் கொண்டிருந்தது. அடிமுதுகில் ஒரு வலி வரும், சற்று நேரத்தில் போய்விடும், மறுபடியும் வரும். வயிறு கல்லைப் போல் இறுகித் தளரும். சூட்டு வலி என்று எண்ணிச் சீரகத்தைக் கொதிக்க வைத்துக் குடித்தேன். தொப்புளில் விளக்கெண்ணெய் தடவிக் கொண்டேன். இவ்வாறு இரண்டு நாட்கள் கழிந்தன. மருத்துவரிடம் போகலாம் என்று கணவர் சொன்னபோதும், "இதற்கெல்லாமா போவார்கள்?" என்று நான்தான் தட்டிக் கழித்தேன்.

மூன்றாம் நாள் இஷாத் தொழுகைக்குப் பின் பனிக்குடம் உடைந்தது.

சகோதரிகளே, முதுகிலோ அடிவயிற்றிலோ வலி விட்டு விட்டு வந்தால், வயிறு அடிக்கடி இறுகினால், நீர் கசிந்தால், இரத்தம் பட்டால், எத்தனை மாதமானாலும் சரி, அன்றே மருத்துவரைக் காணுங்கள். இரட்டைக் கர்ப்பமாயின் ஒரு மணி நேரமும் தாமதிக்காதீர்கள். முப்பத்தேழு வாரம் நிறையுமுன் பிறக்கும் பிள்ளையைக் குறைமாதப் பிள்ளை என்பது மருத்துவக் கணக்கு. 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 1 கோடியே 34 இலட்சம் பிள்ளைகள் அவ்வாறு பிறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அவர்களுள் ஏறத்தாழ 30 இலட்சம் பேர் நம் இந்திய நாட்டுப் பிள்ளைகள். இரட்டையராகப் பிறப்பவர்களுள் பாதிக்கு மேற்பட்டவர்கள் முப்பத்தேழு வாரத்தை எட்டுவதில்லை. எனக்கு நேர்ந்தது அபூர்வமான ஒன்றல்ல. நான் அதற்கு ஆயத்தமாக இல்லை என்பதே உண்மை.

ஏழும் எட்டும்

திண்டுக்கல்லில் எங்களைப் பார்த்த மருத்துவர் ஓர் ஊசியைப் போட்டார். "இத்தனை சிறிய பிள்ளைகள் இருவரை ஒரே நேரத்தில் தாங்கும் வசதி மதுரையில்தான் இருக்கிறது, பிறந்தபின் பிள்ளைகளைக் கொண்டு செல்வதைவிட வயிற்றில் இருக்கும்போதே கொண்டு செல்வது மேல்" என்றார். அந்தச் சொல்லின் அருமை பின்னால்தான் விளங்கியது. பெட்டியிலே வைத்துக் கொண்டு போகும் எந்த வாகனத்தைவிடவும் தாயின் கருவறை பாதுகாப்பானது.

108 வாகனத்தில் ஏற்றினார்கள். சின்னாளப்பட்டி, கொடைரோடு, வாடிப்பட்டி என்று ஊர்கள் ஒவ்வொன்றாகப் பின்னே சென்றன. அறுபத்தைந்து கிலோமீட்டர்தான். எத்தனையோ முறை துணி எடுக்கவும் திருமணங்களுக்கும் சென்று வந்த சாலை. அன்று அது முடிவற்றதாகத் தோன்றியது. யூனுஸ் நபி (அலை) அவர்கள் மீன் வயிற்றுக்குள்ளிருந்து கேட்ட துஆவை நான் ஓத, என் வயிற்றுக்குள் இருவர் அசைந்து கொண்டிருந்தார்கள்.

மதுரையில் டாக்டரம்மா, "பிரசவத்தை இரண்டு நாளாவது தள்ளிப்போட முயல்கிறேன்" என்றபோது என் மாமி கலங்கிப் போனார்கள். "ஏழு முடிந்து எட்டு பிறக்கப் போகிறதே! ஏழாம் மாதப் பிள்ளை தங்கும், எட்டாம் மாதப் பிள்ளை தங்காது என்பார்களே! இப்போதே எடுத்து விடுங்கள் அம்மா" என்று அழுதார்கள். மாமி அன்பில்லாமல் அதைச் சொல்லவில்லை. அவர்களுடைய தாயும் பாட்டியும் சொல்லித் தந்தது அது. கிரேக்க நாட்டின் பழைய மருத்துவ ஏடுகளிலும் அந்த நம்பிக்கை காணப்படுகிறது.

டாக்டரம்மா கோபிக்கவில்லை. மாமியை அருகில் உட்கார வைத்துச் சொன்னார்: "அம்மா, கருவறையில் இருக்கும் ஒவ்வொரு நாளும் பிள்ளைக்கு இலாபம். எட்டில் பிறந்த பிள்ளை ஏழில் பிறந்த பிள்ளையைவிட வலிமையானது. எனக்கு இரண்டு நாள் கிடைத்தால், போட்ட ஊசி வேலை செய்து நுரையீரல் முதிரும்."

அந்த ஊசியின் கதை அறியத்தக்கது. நியூசிலாந்து நாட்டில் லிக்கின்ஸ் என்னும் மருத்துவர் செம்மறியாடுகளின் பிரசவத்தை ஆராய்ந்து கொண்டிருந்தார். ஸ்டீராய்டு மருந்து பெற்ற ஆட்டுக்குட்டிகள் மிகவும் முன்னதாகப் பிறந்தும் மூச்சு விட்டதைக் கண்டு வியந்தார். பின்னர் ஹோவி என்னும் மருத்துவருடன் சேர்ந்து தாய்மார்களுக்கு அம்மருந்தைக் கொடுத்துப் பார்த்து 1972-இல் முடிவை வெளியிட்டார். அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன், 1963 ஆகஸ்டில், அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு ஐந்தரை வாரம் முன்னதாக ஒரு மகன் பிறந்தான். இரண்டு கிலோவுக்கும் சற்று மேற்பட்ட எடை. நுரையீரல் முதிராமையால் 39 மணி நேரத்தில் அந்தப் பிள்ளை இறந்தது. உலகின் மிகப் பெரிய அதிகாரம் படைத்த தந்தைக்கு அன்று கிடைக்காத மருந்து, திண்டுக்கல்லில் ஒரு தோல் மண்டியில் கணக்கு எழுதுபவரின் மனைவிக்கு 2017-இல் சில ரூபாய் விலையில் கிடைத்தது. நோயைப் படைத்தவன் அதற்கு மருந்தையும் படைத்திருக்கிறான் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் போதித்ததை நினைத்துக் கொண்டேன்.

ஒன்றரை நாள் தாங்கினேன். அதன்பின் அறுவை செய்து எடுத்தார்கள். முதலில் மகன், 1,420 கிராம். அடுத்து மகள், 1,150 கிராம். என் காதில் விழுந்தது மகனின் மெல்லிய அழுகை ஒன்றுதான்.

மூச்சை மறக்கும் பிள்ளைகள்

இரண்டாம் நாள் சக்கர நாற்காலியில் வைத்து என்னை அழைத்துச் சென்றார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த மகளைக் கண்டதும் என் வாயில் துஆ வரவில்லை, சொல்லே வரவில்லை. என் கணவரின் மோதிரம் அவள் மேற்கை வரை ஏறிவிடும் போலிருந்தது. தோல் வழியே நரம்புகள் தெரிந்தன. மூக்கில் குழாய், வாயில் குழாய், காலில் ஒரு சிவப்பு விளக்கு. எண்கள் ஓடும் திரையைப் பார்ப்பதா, பிள்ளையைப் பார்ப்பதா என்று தெரியாமல் நின்றேன். இரண்டு நாள் வலியை மறைத்த குற்றம் நெஞ்சை அறுத்தது. அங்கிருந்த செவிலியச் சகோதரி என் கையைக் கழுவச் செய்து பெட்டியின் துவாரத்தின் வழியே விடச் சொன்னார். "தடவாதீர்கள், தலையிலும் பாதத்திலும் கையை அசையாமல் வையுங்கள். அது போதும்" என்றார். வைத்தேன். திரையில் எண்கள் நிதானப்பட்டன. நான் தாய் என்று எனக்கே தெரிந்த நேரம் அதுதான்.

என் கணவர் பிறந்த அன்றே உள்ளே சென்று, உரத்த குரல் எழுப்பாமல், இருவர் காதிலும் பாங்கு சொல்லி விட்டிருந்தார். பேரீச்சம் பழத்தை மென்று அண்ணத்தில் தடவும் தஹ்னீக்கை மருத்துவர் இப்போது வேண்டாம் என்றதும், 'முடியாதபோது கட்டாயமில்லை' என்று விட்டு விட்டோம். தேனைத் தொட்டு நாவில் வைக்கும் வழக்கமும் நம் வீடுகளில் உண்டு. நிறைமாதப் பிள்ளையாயினும் ஒரு வயது நிறையும்வரை தேன் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி பச்சிளங் குடலில் வளர்ந்து நஞ்சாகும்.

ஐந்தாம் நாள் மகளின் பெட்டியிலிருந்து மணி ஒலித்தது. அவள் மூச்சு விடவில்லை. செவிலியர் விரைந்து வந்து உள்ளங்காலைச் சுண்டினார். மறுபடி மூச்சு வந்தது. அன்று மட்டும் நான்கு முறை. "குறைமாதப் பிள்ளைகளின் மூளை மூச்சு விட வேண்டும் என்பதையே சில வேளை மறந்துவிடும், நாளடைவில் சரியாகும்" என்று விளக்கி, ஒரு மருந்தைக் குழாயில் ஏற்றினார்கள். என்னவென்று கேட்டேன். காஃபின்! நாம் காலையில் அருந்தும் காப்பியில் இருக்கும் அதே சரக்கு. அளந்து கொடுத்தால் பிள்ளையின் மூச்சைத் தட்டி எழுப்பும் மருந்தாகிறது.

மதினியின் பால்

இப்போது சொல்லப் போவதைத்தான் நம் சமுதாயத் தாய்மார்கள் கவனமாகப் படிக்க வேண்டும்.

குறைமாதப் பிள்ளைக்குத் தாய்ப்பால் உணவு மட்டுமல்லாமல் மருந்துமாகும். முதிராத குடல் மாவுப் பாலைத் தாங்காமல் அழுகிப் போகும் ஒரு கொடிய நோய் உண்டு. தாய்ப்பால் அதைப் பெருமளவு தடுக்கிறது. ஆனால் எனக்கோ காய்ச்சல், அறுவையின் வலி, அச்சம். மணிக்கணக்கில் பிழிந்தாலும் சில துளிகளே வந்தன. அந்தத் துளிகளையும் வீணாக்காமல் பஞ்சில் தொட்டு இருவர் வாயிலும் தடவினார்கள். மகளுக்கு இரண்டு மணிக்கு ஒருமுறை ஒரு மில்லி வேண்டும். மகனுக்கு இரண்டு மில்லி. ஒரு தேக்கரண்டியில் ஐந்து மில்லி பிடிக்கும் என்றால் எண்ணிப் பாருங்கள். அந்தச் சிறிதளவு பாலுக்கும் என்னிடம் வழியில்லை.

"வேறொரு தாயின் பாலைக் கொடுக்கலாமா?" என்று மருத்துவர் கேட்டார். மாமியும் கணவரும் ஒருவரையொருவர் பார்த்துக் கொண்டார்கள். தயக்கத்தின் காரணம் உங்களுக்குத் தெரியும். பால் கொடுத்தவள் தாயாகிறாள். அவள் பிள்ளைகள் உடன்பிறப்புகளாகிறார்கள். அவர்களுக்குள் திருமணம் ஹராம் என்பதைத் திருமறையின் நான்காம் அத்தியாயம் 23-ஆம் வசனம் தெளிவாக்குகிறது. யாருடைய பால் என்று தெரியாமல் கொடுத்துவிட்டால், நாளை யார் யாருக்கு உடன்பிறப்பு என்று எப்படி அறிவது?

தாய்ப்பால் வங்கி நம் நாட்டுக்குப் புதிதன்று. ஆசியாவிலேயே முதல் வங்கி 1989-இல் மும்பை சயான் மருத்துவமனையில் டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் அவர்களின் முயற்சியால் தொடங்கப்பட்டது. அங்கெல்லாம் பல தாய்மார்களின் பாலைச் சேர்த்துப் பதப்படுத்திக் கொடுப்பது வழக்கம். இதைப் பற்றி நம் அறிஞர்களிடையே இரு கருத்துகள் உள்ளன. 1985-இல் ஜித்தாவில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹுப் பேரவை, உறவுக் குழப்பம் நேரும் என்பதால் இத்தகைய வங்கிகள் கூடாது என்று தீர்மானித்தது. யூசுஃப் அல் கர்ளாவி அவர்களோ, மார்பில் வாய்வைத்து அருந்துவதே உறவை உண்டாக்கும் என்ற கருத்தின் அடிப்படையில், பலவீனமான பிள்ளைகளைக் காக்க இவை கூடும் என்றார்கள்.

என் கணவர் இரவோடிரவாகத் திண்டுக்கல்லுக்குத் திரும்பி, மஹல்லா ஆலிமைக் கண்டார். ஆலிம் அவர்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உயிரைக் காப்பது முதற் கடமை. அறிந்தவர் எவரேனும் பால் கொடுக்கும் நிலையில் இருந்தால் எந்தக் குழப்பமும் இல்லை. குழாய் வழியே போனாலும் வயிற்றைச் சேர்ந்த பால் உறவை உண்டாக்கும் என்பதே பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. நம் ஹனஃபி மத்ஹபில் சிறிதளவு பாலே போதும். ஷாஃபி மத்ஹபில் ஐந்து முறை என்பார்கள். எதுவாயினும் யார் கொடுத்தார், யாருக்குக் கொடுத்தார், எந்தத் தேதியில் என்று எழுதி வையுங்கள். எழுதாமல் விடுவதுதான் தவறு" என்றார்கள்.

என் கணவரின் தமக்கைக்கு அப்போது ஐந்து மாதத்தில் ஒரு மகன் இருந்தான். ஸ்கேனில் எனக்கு இரட்டையர் என்று தெரிந்த நாளிலிருந்தே, "ஒன்று பெண்ணாயிருந்தால் என் மகனுக்குத்தான்" என்று மதினி சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். விளையாட்டாகச் சொன்னாலும் உள்ளத்திலே விரும்பியதுதான். அத்தை மகன், மாமன் மகள் உறவு நம் குடும்பங்களில் எவ்வளவு ஆசையோடு பேசப்படும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. மதினிக்கு மூத்த ஆண்பிள்ளைகளும், ஒரு பெண்ணும் உண்டு. பால் கொடுத்தால் அத்தனை பிள்ளைகளோடும் அந்த வாயில் அடைபட்டுவிடும்.

கணவர் விஷயத்தைச் சொல்லிவிட்டுத் தலை குனிந்து நின்றாராம். மதினி உடனே பதில் சொல்லவில்லை. உள்ளே போய் உளூச் செய்து இரண்டு ரக்அத் தொழுதார்கள். வெளியே வந்து, "மருமகளாக வராவிட்டால் என்ன தம்பி? மகளாக இருக்கட்டும். வண்டியைக் கூப்பிடு" என்றார்கள். கைப்பிள்ளையைத் தூக்கிக் கொண்டு அந்த இரவே மதுரைக்கு வந்துவிட்டார்கள். மருத்துவர் அவர்களுடைய இரத்தத்தைப் பரிசோதிக்கச் செய்து, நோய் எதுவும் இல்லை என்று உறுதி செய்தபின் பாலை வாங்கிக் கொண்டார். ஆறு நாட்கள் இருவருக்கும் அந்தப் பாலே உயிர் கொடுத்தது. ஏழாம் நாள் எனக்குப் பால் ஊறத் தொடங்கியது.

அந்த ஆறு நாட்களையும் தேதியிட்டு எழுதிய தாளில் மதினியும், என் கணவரும், இரு சாட்சிகளும் கையொப்பமிட்டிருக்கிறார்கள். வீட்டுப் பத்திரங்களோடு அது பத்திரமாக இருக்கிறது. அறிந்த பெண் எவரும் கிடைக்காத நிலையில் பிள்ளையின் உயிருக்கு ஆபத்து என்றால் என்ன செய்வது? அந்த நிலை வருமுன்பே, கர்ப்ப காலத்திலேயே, உங்கள் ஆலிமிடமும் மருத்துவரிடமும் கேட்டு வைத்துக் கொள்ளுங்கள். நள்ளிரவில் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்றுகொண்டு சட்டம் கேட்பது எளிதன்று.

நெஞ்சே தொட்டில்

இரண்டாம் வாரத்தில் மகனை என் நெஞ்சோடு சேர்த்துக் கட்டினார்கள். கங்காரு முறை என்று இதற்குப் பெயர். 1978-இல் தென்னமெரிக்காவின் கொலம்பியா நாட்டில், பொகோட்டா நகர மருத்துவமனையில் பெட்டிகள் போதாமல் ஒரே பெட்டியில் பல பிள்ளைகளைக் கிடத்த வேண்டியிருந்தது. நோய் பரவிப் பிள்ளைகள் இறந்தன. எட்கர் ரேய் என்னும் மருத்துவர், கங்காரு தன் குட்டியைப் பையில் வைத்து வளர்ப்பதைப் போல, தாயின் வெற்று மார்பில் பிள்ளையை நிமிர்த்திக் கட்டச் சொன்னார். ஏழ்மையால் பிறந்த அந்த வழி இன்று செல்வ நாடுகளிலும் பின்பற்றப்படுகிறது. இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வு 2021-இல் வெளிவந்தது. நிலைமை சீராகும்வரை காத்திராமல் பிறந்தவுடனேயே இவ்வாறு அணைத்துக் கொண்டால் இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைகிறது என்று அதில் தெரிந்தது. 2022-இல் உலக சுகாதார நிறுவனமும் அதையே பரிந்துரைத்தது.

கட்டுவதற்கு மென்மையான துணி வேண்டும் என்றார்கள். மாமி தம்முடைய பழைய சின்னாளப்பட்டிச் சுங்கடிச் சேலையைக் கிழித்து, வெந்நீரில் அலசி, வெயிலில் காயவைத்துக் கொண்டு வந்தார்கள். ஒரு துண்டில் மகன், மறு துண்டில் மகள். இரண்டு பேரையும் நானே எந்நேரமும் சுமக்க இயலுமா? தந்தையும் கட்டலாம் என்றார்கள். "ஆண்பிள்ளை நெஞ்சில் பிள்ளையைக் கட்டுவதா?" என்று உறவினர் சிலர் நகைத்தார்கள். என் கணவரோ தோல் மண்டி வாடை போக நன்றாகக் குளித்துவிட்டு வந்து, சட்டையைக் கழற்றி, மகளை வாங்கிக் கட்டிக்கொண்டு, யாஸீன் ஓதியபடி மணிக்கணக்கில் அசையாமல் அமர்ந்திருப்பார். அவர் குரல் கேட்கும்போது அவள் மூச்சு ஒழுங்காக ஓடும். பேரப்பிள்ளைகளை மடியில் இருத்தியும் தோளில் சுமந்தும் கொஞ்சிய நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத்தில் இதற்கு நாணுவதற்கு என்ன இருக்கிறது?

"நாற்பது நாள் தீட்டில் வெளியே நடமாடலாமா?" என்றும் கேள்வி எழுந்தது. பிரசவித்தவளுக்குத் தொழுகையிலும் நோன்பிலும் சலுகை தந்திருக்கிறது மார்க்கம். அது அவளைக் கதவுக்குள் அடைக்கச் சொல்லவில்லை. பிள்ளை மருத்துவமனையில் இருந்தால் தாயின் இடம் பிள்ளையின் அருகில்தான்.

மூன்றாம் வாரத்தில் கண் மருத்துவர் வந்து மகளின் கண்களைப் பார்த்தார். குறைமாதப் பிள்ளைகளின் விழித்திரையில் இரத்த நாளங்கள் தாறுமாறாக வளர்ந்து பார்வையைப் பறிக்கும் ஆபத்து உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. முப்பத்துநான்கு வாரத்திற்கு முன் பிறந்தவர்களுக்கும், இரண்டு கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கும் பிறந்த முப்பது நாளுக்குள் இச்சோதனை நடந்தாக வேண்டும். மிகச் சிறியவர்களுக்கு இன்னும் முன்பே. மகளுக்குத் தொடக்க நிலையில் சிறிது இருந்தது. வாரந்தோறும் பார்த்து வந்தார்கள். தானாகவே அடங்கியது, அல்ஹம்து லில்லாஹ். மருத்துவமனையில் யாரும் சொல்லாவிட்டாலும் நீங்களே கேட்டுப் பெறுங்கள். நாள் தவறினால் பார்வை திரும்பாது.

முப்பத்தெட்டாம் நாள் மகனை அனுப்பிவிட்டார்கள். மகள் உள்ளே, மகன் வெளியே. மருத்துவமனைக்கு அருகில் ஓர் அறை எடுத்து, மகனை மாமியின் நெஞ்சில் கட்டிவிட்டு நான் மகளிடம் ஓடுவேன். அவளிடம் இருக்கும்போது அவன் பசியால் அழுவானோ என்றிருக்கும். அவனிடம் இருக்கும்போது அவள் மூச்சை மறந்திருப்பாளோ என்றிருக்கும். ரமளான் அப்படியே கழிந்தது. பெருநாளன்று என் கணவர் தொழுதுவிட்டு, தைத்த புத்தாடை எதுவும் பொருந்தாத மகளுக்கு ஒரு புதுக் கைக்குட்டையை வாங்கி வந்தார். செவிலியச் சகோதரி அதைத் துவைத்துக் காயவைத்து அவளுக்குப் போர்த்தினார். அவருடைய மதம் வேறு. அவர் கண்களில் இருந்த நீர் என் கண்ணீரேதான்.

ஐம்பத்துநான்காம் நாள் மகளும் வெளியே வந்தாள்.

பழி பேசும் நாக்குகள்

ஒன்றைச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. எனக்கு மணமாகி ஆண்டுகள் கடந்திருந்ததால் என் பிள்ளைகளின் மாதக் கணக்கை எவரும் விரல்விட்டு எண்ணவில்லை. ஆனால் மணமான ஏழாம் மாதத்தில் பிள்ளை பெற்ற புதுப்பெண்களை நம் தெருக்கள் எப்படிப் பேசுகின்றன? சஹாபாப் பெருமக்களின் காலத்திலேயே, மணமாகி ஆறு மாதத்தில் பிள்ளை பெற்ற ஒரு பெண்மீது பழி எழுந்தது. சுமப்பதும் பால்குடி மறக்கச் செய்வதும் முப்பது மாதம் என்று ஒரு வசனம் (46:15) கூறுகிறது. பாலூட்டல் முழுமையாக இரண்டாண்டு என்று மற்றொரு வசனம் (2:233) கூறுகிறது. முப்பதில் இருபத்துநான்கு போக மீதி ஆறு மாதம், ஆகவே ஆறு மாதத்திலும் பிள்ளை பிறக்கலாம் என்று அலீ (ரலி) அவர்கள் எடுத்துரைத்ததாக முவத்தா நூலில் பதிவாகியுள்ளது. ஒரு பெண்ணின் மானத்தைக் காக்கத் திருமறையைக் கொண்டு கணக்குப் போட்ட பரம்பரை நம்முடையது. கருப்பைகள் குறைப்பதையும் கூட்டுவதையும் அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே என்று அர்ரஃது அத்தியாயம் (13:8) உணர்த்துகிறது. நமக்கேன் அந்தக் கணக்கு?

குறைமாதப் பிள்ளை வீட்டுக்கு வந்தால் கைகழுவாமல் தொடாதீர்கள். சளி, இருமல் உள்ளவர்கள் வாசலிலேயே துஆச் செய்துவிட்டுச் செல்லுங்கள். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது, சாம்பிராணிப் புகை காட்டுவது, ஏழாம் நாளே முடி இறக்குவது ஆகியவற்றை வற்புறுத்தாதீர்கள். அகீகாவைப் பிள்ளை தேறியபின் கொடுக்கலாம். நாங்கள் ஐந்தாம் மாதத்தில் கொடுத்தோம். "இன்னும் கவிழவில்லையா, இன்னும் உட்காரவில்லையா?" என்று கேட்டுத் தாயை நோகடிக்காதீர்கள். இத்தகைய பிள்ளைகளின் வளர்ச்சியைப் பிறக்க வேண்டிய தேதியிலிருந்தே எண்ண வேண்டும். தடுப்பூசிகளை மட்டும் மருத்துவர் சொல்லும் நாளில், பிறந்த தேதிக் கணக்கிலேயே போட வேண்டும். தாயிடம் "நீ ஏன் முன்பே சொல்லவில்லை?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வியை அவள் தனக்குத் தானே கேட்டுக் கொள்ளாத இரவு ஒன்றுகூட இராது. என்னை ஒருநாளும் அவ்வாறு கேட்காத என் மாமிக்கு அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக.

இன்று இருவரும் பள்ளிக்கூடம் போகிறார்கள். மாலையில் மதரஸாவில் ஓதுகிறார்கள். மகள் கண்ணாடி அணிந்திருக்கிறாள். மதினியை இருவரும் 'அத்தை' என்று அழைப்பதில்லை. 'பாலம்மா' என்றே அழைக்கிறார்கள். பெருநாள் தோறும் மதினியின் இளைய மகன் தன் தங்கைக்கென்று வளையல் வாங்கி வருகிறான். தனக்கென்று ஒரு காலத்தில் பேசப்பட்டவள் அவள் என்பதை அவன் அறியான். அந்தத் தாளைக் காட்டி, உரிய வயதில் மூவருக்கும் சொல்வோம்.

பள்ளியிலிருந்து திரும்பும் வழியில் ஒருநாள் மகள் கேட்டாள்: "அம்மா, பேகம்பூர் என்றால் யாருடைய ஊர்?" அமீருன்னிசா பேகம் அவர்களைப் பற்றிச் சொன்னேன். சற்று நேரம் மௌனமாக நடந்தாள். பிறகு, "அவர்களுக்கு அப்போது மதுரைக்குப் போக வண்டி இல்லையா?" என்றாள்.

இல்லை மகளே. வண்டியும் இல்லை, ஊசியும் இல்லை. நமக்கு எல்லாம் இருக்கின்றன. இருக்கும்போது காலத்தோடு போய்ச் சேர்வதே நாம் செய்யும் ஷுக்ரு.

பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் எல்லாத் தாய்மார்களுக்கும் அல்லாஹ் இலேசான பிரசவத்தையும், காலம் நிறைந்த மக்களையும் அருள்வானாக. காலம் குறைந்து வந்தவர்களுக்கு ஆயுளை நிறைவாக்குவானாக. ஆமீன். அடுத்த இதழில் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ். வஸ்ஸலாம்.